மொக்கு, மெக்கு, முக்கு

இன்று காலை ஒசூர் உழவர் சந்தைக்குள் நுழைந்ததும் அவரைக்காய் வாசனை முகத்தில் அடித்தது. மார்கழிப் பனியில் நனைந்த காயை மூட்டையிலிருந்து கொட்டும்போது எழுமே, பச்சை வாடையோடு லேசான எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த அந்த வாசனை. நான் வாங்க வந்தது தக்காளி. அந்தக் குவியலுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். "பிதுக்கறதுக்கா, பொரியலுக்கா?" என்று கடைக்கார அம்மா இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது. அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பை என் வீட்டில் ஆசையாய்ச் சாப்பிட யாரும் இல்லை. இருந்தாலும் இரண்டு கிலோ வாங்கினேன்.

நீ போய் இரண்டு மார்கழி ஆகிறது. அப்போதே உனக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போது உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று என் கையில் இருக்கிறது. நீ இருந்திருந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கத்தியிருப்பேன். அதைச் சொல்வதற்கு முன், நம் கதையை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒசூருக்கு வந்து நம் கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது எனக்கு. சாப்பாட்டு நேரம் அரைமணி என்று போர்டில் எழுதியிருக்கும். கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, செருப்பு மாற்றி, கை கழுவி, வரிசையில் நின்று தட்டோடு உட்காரும்போது எட்டு நிமிடம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். அன்றைக்கு நான் தலை நிமிராமல் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த நீ, முன்பின் பேசாதவள், சிரித்துக்கொண்டே கேட்டாய்:

"ஏமே, ஏன் இப்படி மெக்கறே? தட்டு என்னா ஓடியா போவுது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டில் அம்மா கோபத்தின் உச்சியில் மட்டும் எடுக்கிற சொல் அது. வேலைவெட்டி இல்லாமல் சுற்றிவிட்டு வருகிற அண்ணனைப் பார்த்து, "வந்ததும் வராததுமா மொக்கறதுக்கு உக்காந்துட்டான்" என்பாள். அதைக் கேட்ட அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன நாட்கள் உண்டு. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நீ சொன்னது அதே சொல்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நீயே தேடி வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். டப்பாவைத் திறந்தாய். பிதுக்கம்பருப்புக் குழம்பு, பக்கத்தில் ஒரு களி உருண்டை. கேட்காமலே குழம்பில் பாதியை என் தட்டில் கவிழ்த்தாய்.

"நேத்து கோச்சிக்கினியா? எங்க வீட்ல அது திட்டு இல்ல புள்ள. எங்கம்மா என்னைக் கொஞ்சறதே அப்படித்தான். 'மெல்லிகா மெக்கவே'ன்னு தெலுங்குல சொல்லும், மெல்லமா தின்னுடின்னு."

"எங்க ஊர்ல அது திட்டுதான்."

"உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?"

"மொக்கு."

உன் கை பாதி வழியில் நின்றது. "மொக்கு," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாய். "மெக்கு." பிறகு கண்கள் விரிய, "ஏய், கன்னடத்துல முக்கு! எங்க தெருவுல எல்லாம் முக்குன்னுதான் சொல்வாங்க. மொக்கு, மெக்கு, முக்கு. மூணும் ஒரே வயித்துல பொறந்தது!" என்று மேசையை ஓங்கித் தட்டினாய். என் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. மணியும் அடித்தது. அன்று இரண்டு பேருமே சாப்பிட்டு முடிக்கவில்லை.

அதுவரை தெலுங்கும் கன்னடமும் எனக்கு பஸ் போர்டில் இருக்கிற சுருண்ட எழுத்துகள், அவ்வளவுதான். நீயோ பாகலூர்ப் பக்கத்துக்காரி. வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீ தாண்டுவதைப் பார்க்கும்போது, வாய்க்காலில் கால் நனையாமல் கல்லுக்குக் கல் தாவுகிறவர்களைப் பார்ப்பது போல இருக்கும் எனக்கு. மத்திகிரியில் நாங்கள் நாலு பேர் எடுத்திருந்த வாடகை வீட்டில் ஐந்தாவது ஆளாக நீ வந்து சேர்ந்தாய். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும், "உங்க ஊர்ல இதுக்கு என்னா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

விடுமுறை நாளில் கால்நடைப் பண்ணை வேலியோரம் நடப்போமே, நினைவிருக்கிறதா? ஒரு நாள் மாடுகள் புல்லை வளைத்து வளைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தன. நிழலில் சில மாடுகள் படுத்து, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. நீ வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய்.

"பாரு. மாடும் மொதல்ல மொக்கத்தான் செய்யுது. ஆனா அப்புறமா உக்காந்து நிதானமா மென்னுக்குது. நமக்கு மொத பாதி மட்டும்தான் குடுத்திருக்காங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நீ ஒரு விளக்கம் வைத்திருந்தாய். "வாயில அள்ளிப் போட்டுக்கோ. வாய மூடு. 'ம்' வருதா? கன்னம் உப்புதா? இப்ப முழுங்கு. 'க்கு'ன்னு தொண்ட அடைக்குது பாரு. யாரும் உக்காந்து உண்டாக்கல. வாயே உண்டாக்கிச்சு." நாங்கள் நாலு பேரும் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்து, புரையேறி, சிரித்து, தரையெல்லாம் பருக்கை. உண்மையோ பொய்யோ தெரியாது. ஆனால் அன்றைக்குத்தான், நான் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிற ஒரு சொல்லை முதல்முறையாகப் பார்த்தேன் என்று தோன்றியது.

அதோடு விடுவாயா நீ? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். பெரிய அகராதியைப் புரட்டினோம். மொக்குதல் இருந்தது. வாய் நிறைய அடக்கித் தின்பது. பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போன நீ, சட்டென்று என் கையைக் கிள்ளினாய். முக்குதல் என்றும் ஒரு சொல், ஏறக்குறைய அதே பொருளில். "பாத்தியா? கன்னடக்காரன் சொல்றதும் உங்ககிட்ட இருக்கு. நீங்கதான் எங்கியோ வெச்சிட்டு மறந்துட்டீங்க." அப்படியென்றால் யாரிடமிருந்து யார் வாங்கியது என்று நான் கேட்டேன். "ஒரே வீட்டுப் பசங்க. ஒருத்தர் சட்டைய ஒருத்தர் போட்டுக்குவாங்க. யாருதுன்னு கேட்டா எப்படி?" என்றாய்.

பிறகுதான் அந்த நாள் வந்தது. பேக்கிங்கில் இருந்த சரோஜா ஐந்து மாதக் கர்ப்பிணி. அன்று முட்டை போட்டிருந்தார்கள். வாயில் பாதி முட்டை இருக்கும்போதே மணி அடித்தது. அவள் அவசரமாக விழுங்கி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் இல்லை. முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. நாங்கள் எல்லாம் தண்ணீர், தண்ணீர் என்று கத்திக்கொண்டிருந்தோம். நீ மேசையைத் தாண்டிக் குதித்தாய். அவளைக் குனியவைத்து, முதுகில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாய். நாலாவது அடியில் முட்டைத் துண்டு வெளியே வந்து விழுந்தது. சரோஜா மூச்சை இழுத்தாள், அழுதாள். பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"பெல் அடிச்சிருச்சா?"

நீ சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் கேண்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். "உணவை நிதானமாக, நன்கு மென்று உண்ணவும்." நீ அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாய். பிறகு துடைத்துக்கொண்டு, "இந்த மாச மீட்டிங்ல பேசிடணும்," என்றாய்.

மாதம் ஒரு முறை எல்லோரையும் உட்காரவைத்து, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார்கள். யாரும் சொன்னதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எழுந்திருப்பது என்று பேசிக்கொண்டோம். நீ ஆரம்பிப்பாய், நான் பக்கத்தில் நிற்பேன். "நீ பேசக்கூட வேணாம். நின்னா போதும்," என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஊரில் அப்பா படுத்த படுக்கை. கூட்டத்தில் அந்தக் கேள்வி வந்தது. நீ எழுந்தாய். உன் சேலை நுனி என் முழங்கையில் உரசிக்கொண்டு மேலே போனது. நான் எழவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ ஒரு கணம் காத்திருந்தாய். அது எனக்குத் தெரியும். பிறகு தனியாகவே பேசினாய்.

"சார், நோட்டீஸ்ல 'உண்ணவும்'னு போட்டிருக்கீங்க. நாங்க உண்ணல சார். மொக்கறோம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பணியாளர் பிரிவு அதிகாரி தமிழர்தான். அவர் முகம் சுருங்கியது. "மரியாதையா பேசும்மா. இது என்ன வார்த்தை?" என்றார். நீ அவரை விட்டுவிட்டு உற்பத்திப் பிரிவின் தலைவர் பக்கம் திரும்பினாய். அவர் ஆந்திராக்காரர். அதையே தெலுங்கில் சொன்னாய்: "மேமு தினடம் லேது சார். மெக்குதுன்னாம்." அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கடைசியாக நடுவில் உட்கார்ந்திருந்த ஆலை மேலாளரைப் பார்த்தாய். மைசூர்ப் பக்கத்து மனிதர், அதிகம் பேசாதவர். அவருக்குக் கன்னடத்தில்: "நாவு ஊட்டா மாடல்ல சார். முக்குத்தீவி."

அவர் நிமிர்ந்தார். "இன்னொந்து சல ஹேளம்மா," என்றார். இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. நீ சொன்னாய். மூன்று பேருக்கும் ஒரே சொல். மூன்று பேரின் முகத்திலும் ஒரே மாதிரி ஏதோ நடந்தது. மூன்று வேறு வேறு வீட்டுச் சமையலறைகளில், மூன்று அம்மாக்கள் அதே சொல்லால் அவர்களைத் திட்டியிருக்கிறார்கள். அது அந்த முகங்களில் தெரிந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு கை நீளுமா என்று பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், உட்கார்ந்துதான்.

"ஒரு நாள் எங்களோட லைன்ல நின்னு, எங்களோட சாப்பிட வாங்க சார். அது போதும்," என்று முடித்தாய்.

மேலாளர் மறுநாளே வந்தார். எங்களைப் போலவே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டார், கழற்றினார், வரிசையில் நின்றார். அவர் ரசத்துக்குக் கை வைத்தபோது மணி அடித்தது. தட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பிறகு உன்னிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார்: "சின்ன வயசுல 'முக்கபேடா', முக்காதேன்னு எங்க அம்மா முதுகுல அடிப்பாங்க. அவங்க இப்ப பாத்தா என்னை அடிக்க மாட்டாங்க. யாரை அடிக்கணுமோ அவங்களைத்தான் அடிப்பாங்க."

அடுத்த மாதத்திலிருந்து பத்து நிமிடம் கூட்டினார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காக வேலை முடியும் நேரமும் பத்து நிமிடம் தள்ளிப்போனது. யாரும் முணுமுணுக்கவில்லை. முதல் நாள் நாற்பது நிமிடம் முழுவதும் உட்கார்ந்து சாப்பிட்ட சரோஜா, மணி அடிப்பதற்கு முன்பே தட்டு காலியாகிவிட்டதைப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தாள்.

கூட்டம் முடிந்த அன்று மாலை பஸ்ஸில் நான் உன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். நீதான் பேசினாய்.

"கன்பர்மேஷன் வர்ற வரைக்கும் நீ உக்காந்துதான் இருக்கணும் புள்ள. எனக்கு உக்காந்திருக்கத் தெரியல. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி நீ பேசவில்லை. அடுத்த வருடம் லைன் லீடர் பதவிக்கு உன் பெயர்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது என் பெயர். பணியாளர் பிரிவு அதிகாரி எதையும் மறக்கவில்லை. நீ அன்றைக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிவந்து, முதல் துண்டை என் வாயில் வைத்தாய். என்னால் விழுங்க முடியவில்லை. நீ அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, "ஆனந்தக் கண்ணீர்டி இவளுக்கு," என்று மற்றவர்களிடம் சொன்னாய். அல்லது புரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னாயோ என்னவோ.

கல்யாணமாகி நீ பாகலூர்ப் பக்கமே போனாய். பிள்ளைகள், மாடு, தோட்டம். வேலையை விட்டாய். மாதம் ஒரு போன், வருடம் ஒரு தடவை நேரில். பேச்சுக்கு நடுவில், "இதுக்கு உங்க ஊர்ல என்னா?" மட்டும் மாறவில்லை. பிறகு ஒரு காய்ச்சல். ஐந்தே நாள். நாற்பத்திரண்டு வயது. நான் வந்தபோது எல்லாம் முடிந்து பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் உன் அம்மா வந்து உட்கார்ந்தார். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர், என் முதுகைத் தடவிக்கொண்டு, "தினு தல்லி. மெல்லிகா தினு," என்றார். சாப்பிடும்மா, மெல்லச் சாப்பிடு என்கிற அந்தத் தெலுங்கு முழுவதும் எனக்குப் புரிந்தது. நீ கற்றுக்கொடுத்ததுதானே.

சரி, இப்போது அந்தச் செய்தி.

இப்போது நம் கம்பெனியில் பாதிப் பெண்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். விடுதியில் தங்கியிருக்கிறார்கள். ரயிலில் வரவே இரண்டு நாள் ஆகும் தூரம். போன மாதம் என் லைனுக்குப் புதிதாக வந்தவள் பூல்மணி. வேறு லைனில் கற்ற ஆறு மாதத் தமிழ், அதில் பாதி இந்தி. சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். தட்டில் இருந்த அவித்த கிழங்கை, மணி அடித்துவிடும் என்ற பயத்தில், உரித்தும் உரிக்காமலும் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். எனக்கு சரோஜா முகம்தான் நினைவுக்கு வந்தது.

"மெதுவா, மெதுவா. இப்படி மொக்காத புள்ள," என்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, எங்க பாஷை தெரியுமா உங்களுக்கு?"

"எந்த பாஷை?"

"இந்தி இல்ல. எங்க வீட்டு பாஷை. ஊர்ல, காட்டுப் பக்கம் நாங்க பேசறது. நீங்க இப்ப சொன்னீங்களே, மோக்... அது எங்க வார்த்தை. மோக்னா."

அந்த 'க்' அவள் தொண்டையில் உரசிக்கொண்டு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கிழங்கைத் தூக்கிக் காட்டினாள். கிழங்கு, பழம், கறி, கடித்துத் தின்கிற எல்லாவற்றுக்கும் அதுதானாம்.

"அவசரமா தின்னாத்தான் அப்படிச் சொல்வீங்களா?"

"இல்லக்கா. சும்மா தின்னாலே மோக்னாதான்."

"திட்டா அது?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. தின்பதில் திட்ட என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தாள். "சோறுன்னா வேற. சோத்துக்கு ஓன்னா," என்றாள்.

ஓன்னா. உண். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். கேண்டீனில் முந்நூறு பேர் பேசிக்கொண்டிருந்தது ஒன்றும் காதில் விழவில்லை. நாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே. நாலாவதாக ஒருத்தி எந்தக் காலத்தில் பிரிந்து போனாளோ, எத்தனை காடு தாண்டிப் போனாளோ, இரண்டு சொல்லையும் பத்திரமாக வாயில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். யார் கொண்டுபோனார்கள், யார் இங்கேயே தங்கினார்கள், எனக்கு எதுவும் தெரியாது. படித்தவர்கள் சொல்லக்கூடும். ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. முதலில் அந்தச் சொல்லில் அவசரம் இருந்திருக்காது. வசையும் இருந்திருக்காது. பசித்தவர்கள் கடித்துத் தின்றார்கள், அதற்கு ஒரு பேர். அவசரமெல்லாம் பிறகு வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் ஒரு மாதமாகத் தவிக்கிறேன்.

பூல்மணியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். இந்தப் பத்து நிமிடம் எப்படி வந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது. சுவரோடு சேர்ந்து கட்டினது மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மொழியில் ஒருத்தி எழுந்து நின்று கேட்டு வாங்கியது என்றேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "நீங்களும் நின்னீங்களா அக்கா?" என்றாள்.

"இல்ல. நான் நிக்கல," என்றேன். இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கிழங்கில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். இரண்டு பேரும் மணி அடிக்கும் வரை மென்றுகொண்டிருந்தோம்.

உன் தைரியம் எனக்கு வரவில்லை. உன் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் அவளிடம் ஒரு சொல் கேட்கிறேன். சில சொற்கள் எங்கோ தூரத்து ஆட்கள், ஒன்றும் பிடிபடவில்லை. சிலது பக்கத்து வீடு: 'ஆள்' என்பதற்கு என்ன என்று கேட்டேன், ஆல் என்றாள். இன்று மதியம் என் கண்ணைத் தொட்டுக்காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்னா?" என்று கேட்டேன்.

சொன்னாள். முதல் எழுத்து தொண்டையில் சற்று உரசி வந்தது. மற்றபடி, கண்தான்.